வால்ல என்ன எழுத்து இருக்கு? வெளிநாட்டு ரெஜிஸ்ட்ரேஷன் விமானத்த ஓட்டறதுக்கு முன்னாடி லைசென்ஸ் செல்லுமான்னு பாக்கற முறை

லைசென்ஸ் வாங்கி கொஞ்ச நாள் ஆனதும் எல்லா பைலட்டுக்கும் வர்ற ஆசை இது. லீவுக்கு வெளிநாடு போறோம், அங்க ஏதாவது கிளப்ல ஒரு செஸ்னாவ வாடகைக்கு எடுத்து ஒரு ரவுண்டு போயிட்டு வந்தா என்னன்னு. உடனே எல்லாரும் கேக்கற கேள்வி "என் லைசென்ஸ் அந்த நாட்டுல செல்லுமா?". கேள்வியே தப்புங்க. அதனால தான் பத்து பேர்கிட்ட கேட்டா பத்து பதில் வருது, பத்துமே ஏதோ ஒரு விதத்துல சரியாவும் இருக்கு. முதல்ல கேக்க வேண்டியது "நான் ஓட்டப்போற விமானம் எந்த நாட்டு ரெஜிஸ்ட்ரேஷன்?". ரெண்டாவது "எந்தெந்த நாட்டு வானத்துல ஓட்டப்போறேன்?". மூணாவது "என் கையில இருக்கற பேப்பர் நிஜமாவே முழு லைசென்ஸ் தானா?". இதே வரிசைல கேட்டா முக்கால்வாசி குழப்பம் தீந்துரும்.

காருக்கு இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்னு ஒண்ணு இருக்கறதால, விமானத்துக்கும் அந்த மாதிரி ஏதோ இருக்கும்னு நிறைய பேர் நினைச்சுக்கறாங்க. கிடையாது. "ஐசிஏஓ லைசென்ஸ்"னு பேச்சுவாக்குல சொல்லுவோமே தவிர ஐசிஏஓ (ஐ.நா.வோட சர்வதேச சிவில் விமான அமைப்பு) யாருக்கும் லைசென்ஸ் அடிச்சு கொடுக்கறதில்ல, அனெக்ஸ் 1ன்னு ஒரு புத்தகத்துல குறைஞ்சபட்ச தரம் என்னன்னு எழுதி வச்சிருக்கு, அத வச்சு ஒவ்வொரு நாடும் தன் லைசென்ஸ தானே கொடுக்குது.

இதுக்கெல்லாம் மூலம் 1944ல நாடுங்க சேந்து போட்ட சிகாகோ கன்வென்ஷன்ங்கற ஒப்பந்தம். அதுல 17வது ஆர்ட்டிகிள் படி விமானத்துக்கும் குடியுரிமை உண்டு, எந்த நாட்டுல ரெஜிஸ்டர் ஆகியிருக்கோ அந்த நாட்டுப் பிரஜை. 18 படி ஒரே நேரத்துல ரெண்டு நாட்டுல ரெஜிஸ்டர் பண்ண முடியாது. நமக்கு ரொம்ப வேண்டியது 32. சர்வதேசப் பயணம் போற விமானத்தோட பைலட்டுக்கு, அந்த விமானம் ரெஜிஸ்டர் ஆன நாடு கொடுத்த லைசென்ஸ் இருக்கணும், இல்லைன்னா வேற நாட்டு லைசென்ஸ அந்த நாடு "இது செல்லும்"னு ஏத்துக்கிட்டதா இருக்கணும். இந்த ரெண்டாவது வழிக்கு தான் வேலிடேஷன்னு பேரு. அடுத்து 33, அப்படி ரெஜிஸ்ட்ரி நாடு கொடுத்த இல்ல ஏத்துக்கிட்ட லைசென்ஸ, ஐசிஏஓ தரத்துக்கு குறையாம இருந்தா, மத்த நாடுங்களும் மதிக்கணும்னு சொல்லுது. மொத்த விஷயமும் இந்த ரெண்டு ஆர்ட்டிகிள் மேல தான் நிக்குது, மிச்சம் எல்லாம் ஒவ்வொரு நாடும் போட்டுக்கிட்ட விதிவிலக்கு.

வால்ல இருக்கற எழுத்து படிக்க தெரிஞ்சுக்கோங்க. என் எழுத்துல ஆரம்பிச்சா அமெரிக்கா, ஜி பிரிட்டன், டி ஜெர்மனி, எஃப் ஃபிரான்ஸ், விஎச் ஆஸ்திரேலியா, சி கனடா, 9வி சிங்கப்பூர், 9எம் மலேசியா, 4ஆர் இலங்கை, விடி இந்தியா. "என் விமானம்"னு எழுதினா என்னோட விமானம்னு ஆயிடும், அதனால இனிமே ரேடியோல சொல்ற மாதிரி நவம்பர், கோல்ஃப், டெல்டா, ஃபாக்ஸ்ட்ராட்னே சொல்றேன். விமானம் நிக்கற இடத்த வச்சு முடிவு பண்ணாதீங்க. ஜெர்மனில ஒரு சின்ன ஏர்ஃபீல்டுக்கு போனா டெல்டாவுக்கு நடுவுல நவம்பர் நிக்கும், பக்கத்துலயே எம்னு ஐல் ஆஃப் மேன் ஜெட் ஒண்ணு இருக்கும், T7ன்னு சான் மரினோ ஒண்ணு இருக்கும். பக்கத்து பக்கத்துல நின்னாலும் ஒவ்வொண்ணுக்கும் லைசென்ஸ் கணக்கு வேற வேற.

சுலபமான கேஸ்ல ஆரம்பிக்கலாம். உங்க லைசென்ஸ் கொடுத்த நாடும் விமானத்தோட ரெஜிஸ்ட்ரியும் ஒண்ணுன்னா, உலகத்துல எங்க வேணாலும் ஓட்டலாம், போற இடத்துல லைசென்ஸுக்குன்னு தனியா எதுவும் வாங்க வேண்டாம். அமெரிக்க விமானத்துறை அத்தாரிட்டியான எஃப்ஏஏ கொடுத்த லைசென்ஸ் வச்சிருக்கறவர் நவம்பர் விமானத்த கனடா வழியா ஐஸ்லாந்து போய் அப்படியே ஐரோப்பா வரைக்கும் கொண்டு போகலாம். ஐரோப்பால ஈயாசா (ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு) மெம்பர் நாடு எது கொடுத்த பார்ட்-எஃப்சிஎல் (ஐரோப்பிய பொது விதிப்படியான) லைசென்ஸா இருந்தாலும் எந்த மெம்பர் நாட்டு விமானத்துக்கும் செல்லும், ஸ்பெயின் கொடுத்த லைசென்ஸ்ல டெல்டா ஓட்டலாம், ஃபாக்ஸ்ட்ராட் ஓட்டலாம், யாரும் கேக்க மாட்டாங்க. கிட்டத்தட்ட ஒரே ரெஜிஸ்ட்ரி மாதிரி நினைச்சுக்கலாம்.

ஆனா இந்த சுலபமான கேஸ்லயே ரெண்டு குழி இருக்கு. முதல் குழி, கையில இருக்கறது ஐசிஏஓ தரத்துக்கு கீழ உள்ள லைசென்ஸ். ஐரோப்பால எல்ஏபிஎல், பிரிட்டன்ல என்பிபிஎல், அமெரிக்கால ஸ்போர்ட் பைலட், இதெல்லாம் உள்ளூருக்கு நல்ல லைசென்ஸ் தான், செலவும் கம்மி, மெடிக்கலும் (உடல் தகுதி சர்டிஃபிகேட்) லேசு. ஆனா எல்லை தாண்டினா 33வது ஆர்ட்டிகிள் பாதுகாப்பு கிடையாது. 39, 40 ஆர்ட்டிகிள் படி, தரத்துக்கு எந்த விஷயத்துல குறையுதோ அத லைசென்ஸ்லயே எழுதணும், அப்படி எழுதின லைசென்ஸோட இன்னொரு நாட்டுக்குள்ள போகணும்னா அந்த நாடு அனுமதி கொடுக்கணும். எல்ஏபிஎல் ஈயாசா நாடுங்களுக்குள்ள செல்லும், அந்த வட்டத்துக்கு வெளிய போறப்போ தனியா கேட்டுத்தான் ஆகணும். அமெரிக்கால 2017 மே 1ல இருந்து பேசிக்மெட்னு மெடிக்கலுக்கு ஒரு குறுக்கு வழி வந்துச்சே, அதுவும் இந்த ரகம் தான். பஹாமாஸ் மாதிரி ஏத்துக்கற இடம் உண்டு, ஐரோப்பா போறதா இருந்தா தேர்ட் கிளாஸ் மெடிக்கலாவது எடுத்துக்கிட்டு போங்க. அல்ட்ராலைட், மைக்ரோலைட் ஓட்டறவங்களுக்கு இந்தக் கட்டுரை அதிகமா உதவாது, அது நாட்டுக்கு நாடு தனி உலகம்.

ரெண்டாவது குழி 32(பி). எந்த நாடும் தன் சொந்த குடிமக்கள் வேற நாட்டுல வாங்கின லைசென்ஸ, தன் வானத்துல மட்டும் ஏத்துக்க மாட்டேன்னு சொல்லலாம். அதாவது நீங்க வெளிநாட்டுல படிச்சு லைசென்ஸ் வாங்கிட்டு, அந்த நாட்டு விமானத்தையே ஓட்டிக்கிட்டு சொந்த நாட்டுக்குள்ள வந்தீங்கன்னா, வேற நாட்டுக்காரருக்கு கிடைக்கற மரியாதை உங்களுக்கு கிடைக்காம போகலாம். வேடிக்கையா இருக்கு, ஆனா எழுதியே வச்சிருக்காங்க.

இப்ப நிஜமான கேஸ், அதாவது லைசென்ஸ் ஒரு நாடு, விமானம் இன்னொரு நாடு. இதுக்கு மூணு வழி தான். ரெஜிஸ்ட்ரி நாட்டுகிட்ட வேலிடேஷன் வாங்கறது, அந்த நாட்டு லைசென்ஸாவே மாத்திக்கறது, இல்ல அந்த நாட்டு சட்டத்துல ஏற்கனவே ஏதாவது விதிவிலக்கு எழுதியிருக்கான்னு பாக்கறது. ஒரு வாரம் ஓட்டறதுக்கு கன்வர்ஷன் பண்றது வீண் வேலை, வருஷா வருஷம் போறவருக்கு ஒவ்வொரு தடவையும் வேலிடேஷன் வாங்கறது அத விட வீண் வேலை. கனடா ஃபாரின் லைசென்ஸ் வேலிடேஷன் சர்டிஃபிகேட்னு ஒண்ணு கொடுக்கும், ஆஸ்திரேலியா சர்டிஃபிகேட் ஆஃப் வேலிடேஷன்னு ஒண்ணு கொடுக்கும், இந்த மாதிரி பேப்பருக்கெல்லாம் காலாவதி தேதி உண்டு, அத லைசென்ஸ்னு நினைச்சு பீரோல வச்சிட்டு ரெண்டு வருஷம் கழிச்சு எடுத்துக்கிட்டு போகாதீங்க.

அமெரிக்கா கதைய கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா நவம்பர் விமானம் உலகம் பூரா இருக்கு, வாடகைக்கு எடுக்கறவங்களும் அங்க தான் அதிகம். எஃப்ஏஏ விதி 61.75 படி, வெளிநாட்டு லைசென்ஸ அடிப்படையா வச்சு ஒரு பிரைவேட் பைலட் சர்டிஃபிகேட் கொடுப்பாங்க. பரீட்சை கிடையாது, செக்ரைட் (ஓட்டிக் காட்டற டெஸ்ட்) கிடையாது. உங்க லைசென்ஸ் குறைஞ்சது பிரைவேட் பைலட் அளவுல இருக்கணும், சஸ்பெண்டோ கேன்சலோ ஆகியிருக்கக் கூடாது, மேல சொன்ன மாதிரி "ஐசிஏஓ தரத்துக்கு குறைவு"ன்னு அதுல எழுதியிருக்கக் கூடாது, இங்கிலீஷ் பேச படிக்க எழுத தெரிஞ்சிருக்கணும். நீங்க கமர்ஷியல் லைசென்ஸ் வச்சிருந்தாலும் ஏர்லைன் பைலட்டுக்கான ஏடிபிஎல் வச்சிருந்தாலும் கிடைக்கறது பிரைவேட் தான், காசு வாங்கிக்கிட்டு ஓட்ட முடியாது.

செய்யற முறை இப்படி. முதல்ல வெரிஃபிகேஷன் ஃபார்ம் ஏசி 8060-71 நிரப்பி ஓக்லஹோமா சிட்டில இருக்கற ஏர்மென் சர்டிஃபிகேஷன் பிராஞ்சுக்கு அனுப்பணும், அதுலயே எந்த ஊர் எஃப்எஸ்டிஓ ஆபீசுக்கு (எஃப்ஏஏவோட கிளை) நேர்ல போகப்போறீங்கன்னு எழுதணும். அவங்க உங்க நாட்டு விமானத்துறை அத்தாரிட்டிக்கு எழுதி "இவர் லைசென்ஸ் நிஜமா"ன்னு கேப்பாங்க. இங்க தான் நாள் ஓடும், ஏன்னா வேகம் எஃப்ஏஏ கையில இல்ல, உங்க ஊர் ஆபீஸ் எப்ப பதில் போடுதுங்கறதுல இருக்கு. சில நாட்டுல பைலட்டே முதல்ல தன் அத்தாரிட்டிக்கு சம்மதக் கடிதம் கொடுத்தா தான் அவங்க வெளிய தகவல் சொல்லுவாங்க, அத பண்ணாம உக்காந்திருந்தா ஃபைல் அப்படியே தூங்கும். குறைஞ்சது மூணு மாசம் முன்னாடி ஆரம்பிங்க. வெரிஃபிகேஷன் லெட்டர் வந்ததும் அதுக்கு ஆறு மாசம் ஆயுசு, அதுக்குள்ள எஃப்ஏஏவோட ஐஏசிஆர்ஏ வெப்சைட்ல அப்ளிகேஷன் போட்டு, அப்பாயின்ட்மென்ட் வாங்கி, லைசென்ஸ் மெடிக்கல் பாஸ்போர்ட் எல்லாம் ஒரிஜினலா எடுத்துக்கிட்டு போனா, டெம்பரரி சர்டிஃபிகேட் கையில கொடுப்பாங்க, 120 நாள் செல்லும், பிளாஸ்டிக் கார்டு பின்னாடி தபால்ல வரும். அமெரிக்கால விலாசம் இல்லாதவங்க இன்னொண்ணும் பண்ணணும். சர்டிஃபிகேட் வச்சிருக்கற, இல்ல அப்ளை பண்ற வெளிநாட்டு விலாசக்காரங்க எல்லாம் அமெரிக்காக்குள்ள ஒரு ஏஜென்ட்ட பதிவு பண்ணணும்னு விதி வந்துருச்சு, புதுசா அப்ளை பண்றவங்களுக்கு 2025 ஜனவரி 6ல இருந்தும் பழையவங்களுக்கு 2025 ஜூலை 7ல இருந்தும். பத்து வருஷம் முன்னாடி கார்டு வாங்கி வச்சிட்டு மறந்துபோன ஆளுங்க நிறைய பேருக்கு இது இன்னும் தெரியாது.

கார்டு கிடைச்சதும் சந்தோஷத்துல கீழ இருக்கற வரிய படிக்காம விட்டுராதீங்க. "இன்ன நாட்டு இன்ன நம்பர் லைசென்ஸ் கூட இருந்தா தான் செல்லும்"னு அதுல அச்சடிச்சிருக்கும். அதாவது இது தனி ஆளா நிக்காது, மூல லைசென்ஸ் தோள்ல உக்காந்திருக்கற குழந்தை. மூல லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆனா இதுவும் போச்சு, மூல லைசென்ஸ வீட்டுல வச்சிட்டு போனா அன்னைக்கு நீங்க லைசென்ஸ் இல்லாத ஆளு. அதுல என்ன கட்டுப்பாடு இருக்கோ அதுவும் கூடவே வரும், அமெரிக்கர்களுக்கு நைட் ஃபிளையிங் சாதாரண லைசென்ஸ்லயே சேந்து வருது, ஆனா உங்க லைசென்ஸ்ல நைட் ரேட்டிங் (ராத்திரி ஓட்டறதுக்கான தனி தகுதி) இல்லைன்னா அங்கயும் ராத்திரி ஓட்ட முடியாது.

இதுல எனக்கே ஒரு அடி விழுந்துச்சு. என் மூல லைசென்ஸ புது ஃபார்மட்ல மாத்தி கொடுத்தாங்க, நம்பர் மாறிடுச்சு. நானும் பெருசா எடுத்துக்கல, அதே ஆளு, அதே ரேட்டிங், அதே மூஞ்சி தானேன்னு. கிளப்ல கவுன்டர்ல இருந்த பொண்ணு ரெண்டு கார்டையும் பக்கத்து பக்கத்துல வச்சு பாத்துட்டு "நம்பர் ஒத்துப்போகலயே சார்"ன்னு ஒரே வார்த்தை. அன்னைக்கு வானம் கண்ணாடி மாதிரி இருந்துச்சு, நான் தரைல உக்காந்து மத்தவங்க டேக்ஆஃப் பண்றத எண்ணிக்கிட்டு இருந்தேன். திரும்பவும் வெரிஃபிகேஷன், திரும்பவும் ஆபீஸ். ஐரோப்பால ஒரு நாட்டுல இருந்து இன்னொரு நாட்டுக்கு லைசென்ஸ் ஃபைல மாத்திக்கிட்டாலும் நம்பர் மாறும், அந்த காரியம் பண்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட 61.75 இருக்கான்னு யோசிச்சுக்கோங்க.

அப்பறம் கார்டு இருந்தா மட்டும் போதாது, ஃபிளைட் ரெவ்யூ வேணும், 24 காலண்டர் மாசத்துக்கு ஒருக்கா, எஃப்ஏஏ இன்ஸ்ட்ரக்டர் கூட, தரைல ஒரு மணி நேரம் வானத்துல ஒரு மணி நேரம் குறைஞ்சபட்சம். ஆள் ஏத்திக்கிட்டு போகணும்னா கடைசி 90 நாள்ல மூணு டேக்ஆஃப் மூணு லேண்டிங். இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங்கும் (வெளிய தெரியாதப்போ கருவிகள பாத்து ஓட்டற தகுதி) அந்த சர்டிஃபிகேட்ல வேணும்னா ஃபாரின் பைலட்டுக்குன்னு ஒரு எழுத்துப் பரீட்சை இருக்கு, அத பாஸ் பண்ணணும். ஒரு மணி நேரமாவது இன்ஸ்ட்ரக்டர் கூட ஏறி அந்த ஊர் ஏர்ஸ்பேஸ், ரேடியோ பேச்சு பழகறத நான் சட்டத்துக்காக சொல்லல, அமெரிக்க கன்ட்ரோலர் பேசற வேகத்த கேட்டா நீங்களே இன்னும் ஒரு மணி நேரம் கேப்பீங்க.

இப்ப நவம்பர் விமானம் அமெரிக்காவுக்கு வெளிய இருந்தா? எஃப்ஏஏ விதி 61.3ல ஒரு நல்ல சலுகை இருக்கு. ஒரு வெளிநாட்டுக்குள்ள நவம்பர் விமானத்த ஓட்டறப்போ அந்த நாடு கொடுத்த லைசென்ஸே போதும். கனடாக்குள்ள கனடா லைசென்ஸ்ல ஓட்டலாம், எஃப்ஏஏ கார்டு வேண்டாம். ஆனா "அந்த நாட்டுக்குள்ள"ங்கற வார்த்தைய அழுத்தி படிங்க. அதே விமானத்த அதே லைசென்ஸோட எல்லை தாண்டி பக்கத்து நாட்டுக்கு ஓட்டினீங்கன்னா எல்லைக்கோட்டுக்கு மேல லைசென்ஸ் செத்துடும், 32வது ஆர்ட்டிகிள் திரும்ப வந்து உக்காந்துக்கும். பார்டர் கிட்ட பறக்கறவங்க, வானிலை மோசமாச்சுன்னா டைவர்ட் பண்ற ஏர்போர்ட் அடுத்த நாட்டுல இருக்கறவங்க, இத முன்னாடியே யோசிச்சு வைங்க. தலைகீழ் கேஸும் உண்டு. வெளிநாட்டு ரெஜிஸ்ட்ரேஷன் விமானத்த அமெரிக்காக்குள்ள ஓட்ட எஃப்ஏஏ லைசென்ஸ் இருந்தாலும் ஓகே, ரெஜிஸ்ட்ரி நாடு கொடுத்த இல்ல வேலிடேட் பண்ண லைசென்ஸ் இருந்தாலும் ஓகேன்னு எஃப்ஏஏ சொல்லுது. ஆனா எஃப்ஏஏ ஓகே சொன்னா எஃப்ஏஏ பக்கம் மட்டும் தான் ஓகே. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணும்ல, ரெஜிஸ்ட்ரி நாட்டு சட்டமும் சரின்னு சொன்னா தான் முழு சரி. இந்த ரெண்டு கையெழுத்து கணக்கு எல்லா நாட்டுக்கும் பொருந்தும்.

ஐரோப்பால குடியிருக்கறவங்களுக்கு இன்னொரு முடிச்சு. அங்க நிறைய பேர் நவம்பர் விமானம் வச்சிருந்ததுக்கு காரணமே எஃப்ஏஏ இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங் எடுக்கறது சுலபம்ங்கறது தான். ஈயூ (ஐரோப்பிய யூனியன்) அத பாத்துக்கிட்டு சும்மா இருக்கல. விமானம் எந்த ரெஜிஸ்ட்ரியா இருந்தாலும் அத ஆபரேட் பண்றவர் ஐரோப்பிய யூனியனுக்குள்ள வசிக்கறவரோ நிறுவனமோ ஆனா, ஓட்டறவருக்கு பார்ட்-எஃப்சிஎல் லைசென்ஸும் வேணும்னு 2018/1139 அடிப்படை விதில வச்சாங்க. பல வருஷம் தள்ளிப்போட்டு தள்ளிப்போட்டு கடைசில நடைமுறைக்கு வந்துருச்சு. இங்க கவனிக்க வேண்டியது "ஆபரேட்டர்"ங்கற வார்த்தை, பைலட்டோட பாஸ்போர்ட் இல்ல. அமெரிக்கால இருந்து டூர் வந்தவர் தன் நவம்பர்ல ஐரோப்பா சுத்தறதுக்கு ஒண்ணும் தேவையில்ல, அங்கயே வீடு எடுத்து தங்கியிருக்கறவருக்கு ரெண்டு லைசென்ஸ். இந்த வேதனைய குறைக்க தான் அமெரிக்காவும் ஈயூவும் லைசென்ஸ் மாத்திக்கறதுக்கு தனி ஒப்பந்தம் போட்டிருக்காங்க, டிஐபி-எல்னு கேட்டா தெரியும், எஃப்ஏஏ பிரைவேட் லைசென்ஸ் இருக்கறவங்க சாதாரண கன்வர்ஷன் போறதுக்கு முன்னாடி அத பாருங்க.

வேற நாட்டு லைசென்ஸோட ஐரோப்பால டெல்டாவோ ஃபாக்ஸ்ட்ராட்டோ வாடகைக்கு எடுக்கணுமா? 2020/723ங்கற விதில மூணு படி இருக்கு. ரொம்ப சின்னது, பிபிஎல் (பிரைவேட் பைலட் லைசென்ஸ்) வச்சிருக்கறவங்க காசு வாங்காம ஓட்டறதுக்கு ஒரு காலண்டர் வருஷத்துல அதிகபட்சம் 28 நாள் ஏத்துக்கலாம், அதுக்கு ஒரு இன்ஸ்ட்ரக்டர் கூட ஒரு பழக்கப்படுத்தற ஃபிளைட்டாவது போயிருக்கணும். "ஏத்துக்கலாம்"னு தான் இருக்கு, ஏத்துக்கணும்னு இல்ல, ஒவ்வொரு நாட்டு அத்தாரிட்டியும் தன் இஷ்டத்துக்கு செய்யும், அதனால போற நாட்டுல கேக்கணும். அடுத்தது வேலிடேஷன், ஒரு வருஷத்துக்கு மேல போகாது. மூணாவது முழு கன்வர்ஷன், பிபிஎல்லுக்கு 100 மணி நேரம் ஓட்டின அனுபவம், ஏர் லா, ஹ்யூமன் பெர்ஃபார்மன்ஸ் ரெண்டு பரீட்சை, மெடிக்கல், லாங்குவேஜ் புரொஃபிஷியன்சி, ஸ்கில் டெஸ்ட். படிச்சா பயமா இருக்கும், பண்ணினவங்க சொல்றது ஏர் லா தவிர வேற எதுவும் பெருசா இல்லன்னு தான்.

பிரிட்டன் ஒரு காலத்துல இந்த ஈயாசா வட்டத்துக்குள்ள இருந்துச்சு. 2020 டிசம்பர் 31 ராத்திரியோட கதை மாறிடுச்சு. அதுவரைக்கும் ஒரே லைசென்ஸ்ல கோல்ஃபும் ஃபாக்ஸ்ட்ராட்டும் ஓட்டினவங்க மறுநாள் காலைல பாதி ஆயிட்டாங்க. பிரிட்டன் பரவால்ல, ஈயாசா லைசென்ஸ கோல்ஃப் விமானத்துல 2022 டிசம்பர் 31 வரைக்கும் ஏத்துக்கிட்டுச்சு. அந்தப் பக்கம் அப்படி ஒரு கருணையும் இல்ல, பிரிட்டன் லைசென்ஸ்ல டெல்டா ஓட்டறது 2021 ஜனவரி 1ல இருந்தே முடியாது. பழைய புத்தகமோ பழைய நண்பரோ "பிரிட்டன் லைசென்ஸா, ஐரோப்பால எங்க வேணா வாடகைக்கு எடுக்கலாம்பா"ன்னு சொன்னா தேதிய கேளுங்க.

லைசென்ஸ் பாத்தாச்சுன்னா அதோட சுத்தி இருக்கற குட்டி பேப்பர்களையும் ஒரு கண் பாத்துக்கோங்க, பாதி பேர் மாட்டறது இங்க தான். மெடிக்கல் எப்பவும் லைசென்ஸ் எந்த நாடோ அந்த நாட்டோடதா இருக்கணும், தனியா எடுத்த எஃப்ஏஏ லைசென்ஸோட ஈயாசா மெடிக்கல காமிச்சா செல்லாது. 61.75 மட்டும் விதிவிலக்கு, அதுக்கு எஃப்ஏஏ மெடிக்கலும் ஆகும், மூல லைசென்ஸ் நாட்டு மெடிக்கலும் ஆகும். எஃப்ஏஏ தேர்ட் கிளாஸ், டாக்டர்கிட்ட போன அன்னைக்கு 40 வயசு ஆகலன்னா 60 மாசம், ஆகிட்டா 24 மாசம். லாங்குவேஜ் புரொஃபிஷியன்சில, அதாவது ரேடியோல பேசற மொழித் தேர்ச்சில, சர்வதேசத்துக்கு குறைஞ்சது லெவல் 4. அத எத்தன வருஷத்துக்கு ஒருக்கா திரும்ப எழுதணும்ங்கறதுல ஐசிஏஓ சொல்றது 3 வருஷம், ஈயாசா கொடுக்கறது 4, லெவல் 5க்கு ரெண்டு பேரும் 6 வருஷம், லெவல் 6 வாங்கிட்டா நிம்மதி. ரேடியோ லைசென்ஸ் தனி. 30வது ஆர்ட்டிகிள் படி ரேடியோவ இயக்கறவருக்கும் ரெஜிஸ்ட்ரி நாட்டு லைசென்ஸ் வேணும். நவம்பர்ல அமெரிக்காக்குள்ள சுத்தற வரைக்கும் யாரும் கேக்க மாட்டாங்க, எல்லை தாண்டினா எஃப்சிசி (அமெரிக்க தகவல் தொடர்பு ஆணையம்) கொடுக்கற பெர்மிட் உங்களுக்கு வேணும், அது ஆயுசுக்கும் செல்லும், விமானத்துக்கு ஸ்டேஷன் லைசென்ஸ் வேணும், அது 10 வருஷம்.

ரேட்டிங்லயும் பாத்துக்கோங்க. பிரிட்டன் ஐஎம்சி ரேட்டிங், இப்ப ஐஆர்(ஆர்)னு சொல்றது, ரொம்ப நல்ல விஷயம், ஆனா கடல் தாண்டி ஃபிரான்ஸ் பக்கம் போனா மேகத்துக்குள்ள நுழைய அது உதவாது.

இன்ஷூரன்ஸ் பத்தி பேசாம முடிக்க முடியாது, ஏன்னா லைசென்ஸ் தப்பா இருந்தா அத்தாரிட்டி அபராதம் போடறது ஒரு பக்கம், இன்ஷூரன்ஸ் கம்பெனி கைய விரிக்கறது தான் குடும்பத்தையே கவுத்துடும். பாலிசில பைலட் பத்தின வரிய தேடி படிங்க, பெரும்பாலும் "இந்த விமானத்த இந்தப் பயணத்துல ஓட்ட முறைப்படி லைசென்ஸ் உள்ளவர்"னு இருக்கும். வேலிடேஷன் இல்லாம ஓட்டினா எவ்வளவு நல்லா ஓட்டினாலும் நீங்க அந்த வரிக்கு வெளிய. எந்தெந்த நாடு வரைக்கும் கவர்னு இன்னொரு இடத்துல இருக்கும், அதையும் பாருங்க. கிளப் விமானம்னா "உங்க பாலிசி என்னை கவர் பண்ணுதா"ன்னு நேரா கேளுங்க, "எல்லாரும் ஓட்டறாங்க சார்"ங்கறது பதில் இல்ல.

வேலைக்கு போறவங்களுக்கு ரெண்டு வரி. லீஸ்ல எடுத்த ஏர்லைன் விமானம்னா ரெஜிஸ்ட்ரி ஒரு நாடு, கம்பெனி ஒரு நாடா இருக்கும். 83 பிஸ்னு ஒரு ஆர்ட்டிகிள் 1997ல அமலுக்கு வந்துச்சு, அது படி ரெஜிஸ்ட்ரி நாடு தன் பொறுப்புல சிலத, லைசென்ஸ் உட்பட, ஆபரேட்டர் நாட்டுக்கு கைமாத்தி கொடுக்கலாம். அப்படி ஒப்பந்தம் இருக்கா, லைசென்ஸ் அதுல சேந்திருக்கான்னு கம்பெனிகிட்ட கேளுங்க, இல்லைன்னா கம்பெனியே வேலிடேஷன் வாங்கி கொடுக்கும், அதோட காலாவதி தேதிய நீங்களும் தனியா எழுதி வச்சுக்கோங்க.

சரி, சந்தேகம் வந்தா யார கேக்கறது? ஃபிளையிங் கிளப்ப இல்ல, அத்தாரிட்டிய. அதுவும் போன்ல இல்ல, மெயில்ல. "நான் உங்க நாட்டுல பறக்கலாமா"ன்னு எழுதினா பொதுவா ஒரு லிங்க் அனுப்பிட்டு ஒதுங்கிருவாங்க. இப்படி எழுதுங்க: என்கிட்ட இன்ன நாட்டு பிபிஎல் இருக்கு, இன்ன ரேட்டிங், இன்ன மெடிக்கல் இன்ன தேதி வரைக்கும், நான் இன்ன நாட்டு குடிமகன், இன்ன நாட்டுல வசிக்கறேன், இன்ன ரெஜிஸ்ட்ரேஷன் விமானத்த, பகல்ல விஎஃப்ஆர்ல (வெளிய கண்ணால பாத்து ஓட்டற முறை), காசு வாங்காம, இன்ன தேதில இருந்து இன்ன தேதி வரைக்கும், இன்ன நாட்டு எல்லைக்குள்ள மட்டும் ஓட்டணும், இதுக்கு உங்க எந்த விதி படி என்ன பேப்பர் வேணும். ரெஜிஸ்ட்ரி நாட்டுக்கு ஒண்ணு, பறக்கப்போற நாட்டுக்கு ஒண்ணு, ரெண்டு மெயில். விதி நம்பரோட பதில் வந்தா அது தங்கம், நம்பர் இல்லாம "ஆமா பரவால்ல"ன்னு வந்தா ஒரு தடவ நம்பர் கேட்டு திரும்ப எழுதுங்க, கோச்சுக்க மாட்டாங்க.

வந்த பதில பிரின்ட் எடுத்து லைசென்ஸ், மெடிக்கல், பாஸ்போர்ட், வேலிடேஷன், ரேடியோ பெர்மிட் எல்லாத்தோட ஒரே ஃபோல்டர்ல வைங்க, விமானத்தோட பேப்பர் 29வது ஆர்ட்டிகிள் படி விமானத்துலயே இருக்கணும், ரெஜிஸ்ட்ரேஷன், ஏர்வர்தினஸ், ஜர்னி லாக், ரேடியோ ஸ்டேஷன் லைசென்ஸ், ஏறறதுக்கு முன்னாடி ஒருக்கா பையத் திறந்து எண்ணிக்கோங்க. ஐரோப்பால ராம்ப் செக்னு இன்ஸ்பெக்டர் வந்து நிக்கறது சகஜம், அவர் முதல்ல பாக்கறது வால, அப்பறம் உங்க கார்ட, ரெண்டுலயும் நாடு வேறன்னா கேக்கப்போற மூணாவது பேப்பர் எதுன்னு இப்ப உங்களுக்கு தெரியும், அது பேக்கோட அடில இல்லாம மேலயே இருக்கட்டும்.